வர்மம் படித்தால் ஒற்றை விரலால் ஆளைச் சாய்க்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கும் விஷயம் புரியும். தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 24. நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். இரவு ஒன்பதரை மணிக்கு மார்த்தாண்டம் தாண்டி ஒரு ஸ்டாப்பில் இறங்கி, ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ரோட்டில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் வீடு. இரண்டு வாரமாக ஒருவன் பைக்கை நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு பின்னால் வருகிறான். போன வாரம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். ஊரில் ஓர் ஆசான் அடிமுறை என்ற நம் பக்கத்துத் தற்காப்புக் கலையைச் சொல்லிக்கொடுக்கிறார். அவரிடம் வர்மம், அதாவது உடம்பின் உயிர்ப்புள்ளிகளில் அடிக்கும் வித்தை, படித்தால் ஒற்றை விரலால் ஆளைச் சாய்த்துவிடலாமா, எத்தனை நாள் ஆகும், அடித்து அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கேஸ் நம் தலையில் விழுமா என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: வீட்டில் சொன்னால் வேலையை விடச் சொல்வார்கள்.

இதில் எனக்கு இரண்டு கேள்வி தெரிகிறது. அடிமுறை படிக்கலாமா என்பது ஒன்று. தாராளமாகப் படியுங்கள். நாளை ராத்திரி அவன் மறுபடி வந்தால் என்ன செய்வது என்பது இன்னொன்று. அதற்கு அடிமுறையில் பதில் கிடையாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், ஆசான் சொல்லித்தரட்டும் என்று நீங்கள் ஆறு மாதம் காத்திருப்பீர்கள், அவன் காத்திருக்க மாட்டான்.

நான் கன்னியாகுமரி மாவட்டம், கல்குளம் தாலுகாக்காரி. மாமா ஆசான். சின்ன வயதில் அவர் களரியில், அதாவது பயிற்சிக் கூடத்தில், சிலம்பமும் அடிமுறையும் படித்தேன், அப்புறம் கொஞ்சம் ஜூடோ. பல வருஷமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகும் பெண்களுக்கும் வகுப்பு எடுக்கிறேன். வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. சட்டம் பற்றி நான் சொல்வது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய பொது விவரம்தான். உங்கள் பெயரில் வழக்கு என்று ஒன்று வந்தால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

அவசரமானதிலிருந்து வருகிறேன். பெயர் தெரிந்து வைத்திருக்கிறான் என்றால் அவன் வழிப்போக்கன் இல்லை. உங்கள் டியூட்டி நேரம் தெரியும், இறங்கும் ஸ்டாப் தெரியும், யாரிடமோ விசாரித்திருக்கிறான். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 78ஆவது பிரிவு பின்தொடர்தலுக்கென்றே இருக்கிறது. பழைய சட்டத்தில் அது 354டி. பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்னால் வருவதும் பேச்சுக்கொடுக்க முயல்வதும் குற்றம் என்கிறது அந்தப் பிரிவு. அதனால் ஒருமுறையாவது, நாலு பேர் காதில் விழும்படி, ‘என் பின்னால வராதே’ என்று சொல்லியிருப்பது பிற்பாடு வழக்குக்கு உதவும். ஸ்டாப்பில் கடை திறந்திருக்கும்போது சொல்லுங்கள், தோட்டத்து நடுவில் தனியாக நின்று வேண்டாம். சிரித்து மழுப்புவதையும், ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்காத மாதிரி நடப்பதையும் விட்டுவிடுங்கள். காதை அடைத்துக்கொண்டால் வண்டி எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்பதும் உங்களுக்குத் தெரியாது.

ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். தேதி, நேரம், எந்த இடத்தில் ஆரம்பித்தான், எதுவரை வந்தான், வண்டி நிறம், நம்பர். நாகர்கோவில் ஆர்டிஓ வண்டி டி.என். 74, மார்த்தாண்டம் வண்டி டி.என். 75. ஆகவே முன்பாதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கடைசி நாலு எண்ணைப் பிடித்தால் போதும். மனுவை அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுக்கலாம், சாதாரண ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். கொடுத்ததும், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். ‘இது எங்க எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பும் வழக்கம் நம் பக்கத்தில் ரொம்ப உண்டு, காரணம் களியக்காவிளையைத் தாண்டினால் மாநிலமே மாறிவிடும். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவு சொல்கிறது. அதே பிரிவில், ஸ்டேஷனில் பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பும் வழியும் இருக்கிறது. பல நேரங்களில் எஃப்.ஐ.ஆர். வரைக்கும்கூடப் போவதில்லை. போலீஸ் ஒருமுறை வீட்டுக்குப் போன் போட்டு அப்பனைக் கூப்பிட்டதும் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். மீதிப் பாதி அடங்க மாட்டார்கள், சிலர் கோபம் தலைக்கேறி வருவார்கள். அதனால் மனு கொடுத்த கையோடு அந்த இரண்டு மூன்று வாரம் தனியாக நடப்பதை எப்படியாவது நிறுத்துங்கள். தம்பி ஸ்டாப்புக்கு வரட்டும், இல்லையென்றால் தெரிந்த ஆட்டோக்காரர் வரட்டும். கண்டக்டரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். நீங்கள் இறங்கும்போது அந்த பைக் நிற்கிறதா என்று படிக்கட்டில் நின்று ஒரு பார்வை பார்க்க அவருக்கு அரை நிமிஷம் போதும்.

தற்காப்புப் புத்தகங்களில் எழுதுகிறவர்கள் நம் மாவட்டத்தின் அமைப்பை யோசிப்பதில்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வீடுகள் தெருத்தெருவாக ஒட்டி நிற்கும், கத்தினால் நாலு கதவு திறக்கும். கடற்கரை ஊர்களில் கத்தவே வேண்டாம், குரல் கொஞ்சம் உயர்ந்தாலே ஊர் திரண்டு வந்துவிடும். விளவங்கோடு, கல்குளம் அப்படியா? ஒவ்வொரு வீடும் அதனதன் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், தனியாக இருக்கிறது. ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் மதில், மரச்சீனி, வாழை, ரப்பர். ராத்திரி மழை பெய்துகொண்டிருந்தால் ஐம்பது அடி தள்ளி உள்ள வீட்டுக்குக்கூடச் சத்தம் போகாது. நீங்கள் நடக்கும் ஒரு கிலோமீட்டரில் குரல் எட்டும் வீடு எத்தனை, எட்டாத துண்டு எவ்வளவு நீளம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நடந்து பாருங்கள். பெரும்பாலும் ஆபத்தான துண்டு இருநூறு முந்நூறு அடிதான் இருக்கும். அதற்கு முன்னால் இருக்கும் கடைசி வீட்டிலும், தாண்டியதும் வரும் முதல் வீட்டிலும் பேசி வையுங்கள். ‘அக்கா, ஒன்பதே முக்காலுக்கு இந்த வழியா வருவேன், வாசல் லைட்டைப் போட்டு வையுங்க’ என்றால் மாட்டேன் என்று யாரும் சொல்லப்போவதில்லை. தோட்டத்துக்குள் ஊடுவழி இருந்தால் அதை மறந்துவிடுங்கள், சுற்றிப் போகும் ரோடு பத்து நிமிஷம் கூடினாலும் சரி. விடியும் முன்பே ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் பெண்களும், அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) காலையில் போகும் பெண்களும் சேர்ந்து சேர்ந்துதான் நடக்கிறார்கள். யாரும் வகுப்பு எடுத்து அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

நடக்கும்போது ரோட்டின் வலது ஓரம் நடங்கள். எதிரில் வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும், பின்னால் வருகிறவன் உங்களை ஒட்டி வர வேண்டும் என்றால் தவறான பக்கம் ஏறி வர வேண்டும். பையைக் குறுக்காக மாட்டாதீர்கள், பைக்கில் வந்து இழுத்தால் பையோடு ஆளும் போவாள். செயினைப் பிடித்தால் விட்டுவிடுங்கள், கழுத்து அறுபடுவதைவிட அது மலிவு. அவன் வண்டியை நிறுத்துகிறான் என்று தெரிந்தால் நின்று திரும்பி முகத்தைப் பாருங்கள், இரண்டு கையும் மார்பு உயரத்தில் விரிந்திருக்கட்டும், வண்டி நம்பரை வாய்விட்டுச் சத்தமாகப் படியுங்கள். கெட்ட வார்த்தை, சாபம் எதுவும் வேண்டாம், வெறும் நம்பர். வகுப்பில் பெண்களுக்கு இதைச் செய்யச் சொன்னால் முதலில் குரலே எழும்பாது. குத்தச் சொன்னால் குத்துவார்கள், கத்தச் சொன்னால் வெட்கப்படுவார்கள். நான் வகுப்பில் அதிக நேரம் செலவழிப்பது இந்தக் குரலுக்குத்தான். 112 என்ற எண்ணையும் போலீசின் காவல் உதவி செயலியையும் போனில் முன்கூட்டியே தயாராக வையுங்கள். பல போன்களில் பவர் பட்டனை ஐந்து முறை அடுத்தடுத்து அமுக்கினால் அவசர அழைப்பு போகும். உங்கள் போனில் அது இயங்குகிறதா என்று செட்டிங்கில் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, ஆலோசனைக்கும் அதில் பேசலாம்.

சரி, வர்மத்துக்கு வருவோம். நம் ஊரில் இதைப் பற்றி எதைச் சொன்னாலும் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். ஏட்டுக் கணக்குப்படி வர்மம் 108. படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அடியின் பலத்தை முழு மாத்திரை, முக்கால், அரை, கால் என்று பிரிப்பார்கள். அடிபட்டு மயங்கினவனை எழுப்ப அடங்கலும் இளக்குமுறையும் உண்டு. ஒழுங்கான ஆசான் எழுப்புவதைச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் அடிப்பதைச் சொல்லிக்கொடுப்பார், அதுவும் பல வருஷம் ஆளின் குணத்தைப் பார்த்துவிட்டு.

இதில் உறுதியானது இவ்வளவு. நரம்பும் ரத்தக்குழாயும் தோலை ஒட்டி ஓடும் இடங்கள், எலும்புக் காவல் இல்லாத இடங்கள் உடம்பில் உண்டு. தொண்டை, கழுத்தின் பக்கவாட்டு, நெற்றிப்பொட்டு, நெஞ்சுக்குழி, விதைப்பை. அங்கே பலமாக அடிபட்டால் யாராக இருந்தாலும் தடுமாறுவான். ஏட்டில் உள்ள பல வர்மங்கள் இந்த மாதிரி இடங்களில்தான் வருகின்றன. நெஞ்சுக்குழியில் குத்து வாங்கினால் உதரவிதானம் இறுகி மூச்சு நிற்கும், அதில் ரகசியம் ஏதுமில்லை. சந்தேகத்துக்குரியது என்று நான் ஒதுக்குவது: இன்றைக்குத் தொட்டால் குறித்த நாளில் சாவான் என்பது, சினிமா வந்த பிறகு எல்லாப் பையன்களும் கேட்கும், பார்வையாலேயே ஆளை அடக்கும் நோக்கு வர்மம், ஒற்றை விரலால் ஆளைச் சிலையாக நிறுத்துவது. எதிர்த்து நிற்கும் மனிதனிடம் யாரும் இவற்றைச் செய்துகாட்டி நான் பார்த்ததில்லை. சிஷ்யனிடம் காட்டிப் பார்த்திருக்கிறேன். சிஷ்யன் விழுவான், பாதி வலியில், பாதி ஆசான்மேல் உள்ள மரியாதையில். வர்ம மருத்துவத்தை நான் இதில் சேர்க்கவில்லை. அது சித்த மருத்துவப் படிப்பில் பாடமாகவே இருக்கிறது, அந்தப் பேச்சு தனி.

ஒரு புள்ளி உண்மையாகவே வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். புருவங்களுக்கு நடுவில் திலர்த காலம். களரியில் வெளிச்சத்தில், அசையாமல் நிற்கும் ஆளிடம் விரல் வைத்துக் காட்டும் இடம் அது. ராத்திரியில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு உங்கள் கையை முறுக்குகிறவனிடம் அதை எங்கே தேடுவீர்கள்? பயத்தில் அட்ரினலின் ஏறினால் விரலின் நுணுக்கம் போய்விடும், பார்வை குறுகும், காது மந்தமாகும். வீட்டு வாசலில் நின்றாலும் சாவி துளையில் ஏறாது. அந்த நேரத்தில் உடம்புக்கு மிஞ்சுவது பெரிய அசைவுகள் மட்டும்தான். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மூக்கிலோ தாடையிலோ தள்ளி இடிப்பது, முழங்கை, முழங்கால், பாதத்தை மிதிப்பது, ஓடுவது. விதைப்பையில் உதைத்தால் முடிந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆண்கள் அந்த இடத்தைப் பிறவியிலேயே காத்துப் பழகியவர்கள், முதல் உதையைத் தொடையில் வாங்கிக்கொண்டு காலைப் பிடித்துவிடுவார்கள். முதலில் முகத்துக்கு அடி, கை இரண்டும் மேலே போன பிறகு கீழே முழங்கால், அந்த வரிசையில் போனால் வாய்ப்பு உண்டு.

அடிமுறையில் நான் பெரிதாக மதிப்பது சுவடு, அதாவது கால் வைக்கும் முறை. ஒற்றைச்சுவட்டைச் சேர்ந்த நாளிலிருந்து போட வைப்பார்கள், பிள்ளைகளுக்கு அலுத்துப்போகும். காலை எடுத்து வை, இடுப்பைத் தாழ்த்து, திரும்பு, மறுபடி. பல மாதம் இதைப் போட்டவளை யாராவது தள்ளினால் கால் தானாகவே பின்னால் போய் ஊன்றும். நேராக வரும் அடிக்கு நேராகப் பின்வாங்காமல் பக்கவாட்டில் விலகுவாள். உறைந்துபோய் நிற்பதுதான் தாக்குதலில் பெரிய ஆபத்து, சுவடு அந்த உறைவை உடைக்கிறது. மணிக்கட்டைப் பிடித்தால் எப்படி விடுபடுவது என்பதைச் சொல்கிறேன், வீட்டில் தங்கையை வைத்துச் செய்து பாருங்கள். அவன் பிடியில் நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மட்டும் மறுபக்கம். பலவீனமான இடம் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் வாய். உங்கள் கையைப் பின்னால் இழுத்தால் அவன் பலம் ஜெயிக்கும். இழுக்காதீர்கள். அவனை நோக்கி ஓரடி எடுத்து வையுங்கள், முழங்கையை மடக்கி அவன் முழங்கைப் பக்கம் கொண்டுபோங்கள், மணிக்கட்டின் மெல்லிய விளிம்பு அந்த வாய்க்கு நேராக வரும்படி திருப்பி, அவன் கட்டைவிரல் பக்கமாகக் கையை உருவுங்கள். கை மட்டும் வேலை செய்தால் வராது, காலும் இடுப்பும் சேர்ந்து திரும்ப வேண்டும். அங்கேதான் சுவடு. விடுபட்டதும் அடிக்க நிற்க வேண்டாம், ஓடுங்கள். முடியைப் பிடித்தால் உங்கள் இரண்டு கையாலும் அவன் கையை உங்கள் தலையோடு சேர்த்து அமுக்கிக்கொள்ளுங்கள், வலி பாதியாகும், அப்புறம் அவன் பக்கம் திரும்பி முழங்காலையோ முகத்தையோ பாருங்கள். துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊசி குத்தி வைக்காதீர்கள், ஒரு பக்கம் போதும். இழுத்தால் அது அவன் கையோடு போகட்டும்.

ஆயுதம் என்றால் எனக்குப் பிடித்தது குடை. இரண்டு பருவமழையும் வாங்கும் ஊர் நம்முடையது, வருஷத்தில் பாதி நாள் கையில் குடை இருப்பதை யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். மடக்கிப் பைக்குள் போடும் குடை உதவாது, நீளக் குடை வேண்டும். குறுவடி என்ற குட்டைக் கம்பைப் பிடிப்பது மாதிரி இரண்டு கையாலும் பிடித்து முனையால் குத்துங்கள், வயிற்றைப் பார்த்து. வீசினால் அவன் பிடித்துக்கொள்வான், குத்துவதைப் பிடிப்பது கஷ்டம். மிளகு ஸ்பிரே வாங்குகிறவர்கள் காற்றை யோசியுங்கள். ஆரல்வாய்மொழி கணவாய்ப் பக்கத்திலும் கடற்கரையிலும் எதிர்க்காற்றில் அடித்தால் உங்கள் கண்ணுக்கே வந்து சேரும். உங்கள் ரோட்டில் மரங்களுக்கு நடுவில் காற்று குறைவு, அங்கே பயன்படலாம், ஆனால் பையின் அடியில் டிபன் பாக்ஸுக்குக் கீழே கிடந்தால் இருந்தும் இல்லாததுதான். இறங்கும்போதே கைக்குள் இருக்க வேண்டும், காலாவதித் தேதியும் பார்க்க வேண்டும். கத்தி வேண்டவே வேண்டாம். பழக்கமில்லாத கையிலிருந்து அதைப் பிடுங்குவது சுலபம், பிடுங்கினவன் அதைத் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை.

எத்தனை நாள் ஆகும் என்றீர்கள். அடிமுறையில் ஓரளவு தேற வருஷக்கணக்கு. அடிப்படைத் தற்காப்புக்கு அவ்வளவு தேவையில்லை, இதற்கு நம்பகமான ஆதாரமே இருக்கிறது. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 முதலாண்டு மாணவிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 12 மணி நேரப் பயிற்சி, மற்றதற்கு வழக்கமான துண்டுப் பிரசுரங்கள். முடிவு 2015இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. ஒரு வருஷத்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள் பிரசுரம் வாங்கிய குழுவில் 9.8 சதவீதம், பயிற்சி பெற்ற குழுவில் 5.2 சதவீதம். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் அடிதடிக்கு ஒதுக்கியது சிறு பங்குதான். மிச்சமெல்லாம் தெரிந்த ஆணிடமிருந்து வரும் ஆபத்தை எப்படி அடையாளம் காண்பது, அவனுக்கு மனம் நோகுமே என்ற தயக்கத்தை எப்படித் தாண்டுவது என்பது பற்றி. கனடா மாணவிகளுக்குக் கிடைத்த பலன் அப்படியே நமக்கும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், ஊரும் வாழ்க்கையும் வேறு. ஆனால் தெரிந்தவன் விஷயம் இங்கும் அதேதான். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் காட்டுகிறது. ரோட்டில் பைக்கில் வருகிறவனுக்குப் பயப்படுகிற அளவுக்கு, வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போகிற சொந்தக்காரனிடம் நாம் எச்சரிக்கையாக இருப்பதில்லை. அண்ணாச்சி, சித்தப்பா என்று கூப்பிட்ட வாயால் ‘கையை எடு’ என்று சொல்வது அந்நியனிடம் சொல்வதைவிடப் பத்து மடங்கு கஷ்டம். அதையும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது.

கேஸ் நம்மேல் விழுமா? தற்காப்பு உரிமை நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நியாயமான அச்சம் ஏற்பட்டதுமே உரிமை தொடங்கிவிடும். ஆபத்து நீங்கியதும் முடிந்துவிடும். தேவைக்கு மேல் சேதம் செய்யக் கூடாது, போலீசிடம் போக அவகாசம் இருந்தால் இந்த உரிமை இல்லை, இவை 37ஆவது பிரிவில். உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற அச்சம், பாலியல் வன்கொடுமை நோக்கம், கடத்தல், ஆசிட் வீச்சு போன்ற தாக்குதல்களில் எதிராளியின் உயிரே போனாலும் அது தற்காப்பாகக் கொள்ளப்படும் என்கிறது 38. அடி வாங்கிக்கொண்டிருக்கிறவள் தன் பலத்தைத் தங்கத் தராசில் நிறுத்துப் பயன்படுத்த முடியாது என்பதை நீதிமன்றங்களும் ஒத்துக்கொள்கின்றன. சிக்கல் வருவது எங்கே என்றால், அவன் திரும்பி ஓடும்போது துரத்திப் போய் அடிப்பதில், விழுந்தவனை மறுபடி மிதிப்பதில், மறுநாள் அண்ணன்மார் நாலு பேர் போய் வீடு புகுந்து சாத்துவதில். அது தற்காப்பு ஆகாது, கேஸ் நிச்சயம் திரும்பும். கர்நாடக உயர் நீதிமன்றம் 2024இல் ஒரு வழக்கில், உயிருக்கு ஆபத்தில்லாத தகராறில் மிளகு ஸ்பிரே அடித்ததைத் தற்காப்பு என்று ஏற்க மறுத்தது. தொண்டையில் அடிப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்கிறேன், அது ஆளைக் கொல்லக்கூடிய அடி. உயிர் போகிற நேரத்துக்கு மட்டும்.

ஏதாவது நடந்துவிட்டால் முதலில் ஆஸ்பத்திரி, பிறகுதான் வீட்டுப் பஞ்சாயத்து. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ், தக்கலை, குழித்துறை அரசு ஆஸ்பத்திரி எதிலானாலும் தாக்குதல் என்று சொல்லி ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். காயத்துக்கு அதுதான் எழுத்துச் சாட்சி. கழுத்தை நெரித்திருந்தால் வெளியில் ஒரு தடமும் இல்லாவிட்டாலும் போயே ஆக வேண்டும். குரல் கம்முவது, விழுங்கும்போது வலி, கண் வெள்ளையில் ரத்தப் புள்ளி, தலை சுற்றல் இவை இருந்தால் தாமதிக்கவே கூடாது. கழுத்து ரத்தக்குழாயில் ஏற்பட்ட காயம் சில நாள் கழித்தும் பக்கவாதமாக வெளிப்படலாம். இதற்கு எண்ணெய் போட்டுத் தடவ ஆசானிடம் போகாதீர்கள், ஆசான் வீட்டுப் பிள்ளையாகவே இதைச் சொல்கிறேன். பாலியல் தாக்குதலாக இருந்தால் குளிக்காமல், உடுத்த துணியைத் துவைக்காமல் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். தனியார் ஆஸ்பத்திரியானாலும் இலவசமாகச் சிகிச்சை தரச் சட்டத்தில் கட்டாயம் உண்டு.

வீட்டில் சொல்லாமல் இதையெல்லாம் செய்ய முடியாது. ஸ்டாப்புக்கு யார் வருவார், பக்கத்து வீட்டில் யார் பேசுவார்? அம்மா அப்பா வேலையை விடச் சொன்னால், மனுவின் ரசீதையும் யார் எந்த நாள் கூட்டிக்கொண்டு வருவது என்ற ஏற்பாட்டையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பயத்தோடு போய் நின்றால் பயத்துக்குத்தான் பதில் சொல்வார்கள். ஆஸ்பத்திரி நிர்வாகத்திடமும் ஒரு மாதத்துக்குப் பகல் டியூட்டி எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தாலும் நீங்கள் கேட்டதற்குப் பதிவு இருக்கும்.

ஆசானிடம் சேர்வதானால் இரண்டு வகுப்பைச் சும்மா உட்கார்ந்து பாருங்கள், அம்மாவையும் கூட்டிப் போங்கள். சேர்ந்த வாரத்திலேயே வர்மப் புள்ளி காட்டி ஆள் பிடிக்கிறவரானால் வேண்டாம். பெண்பிள்ளைகள் வேறு யாராவது படிக்கிறார்களா, தொட்டுச் சொல்லிக்கொடுக்கும் முன் கேட்கிறாரா, உண்மையாகவே எதிர்த்துத் தள்ளும் ஆளை வைத்துப் பழக்குகிறாரா, ஓடிப்போவதைக் கேவலமாகப் பேசுகிறாரா என்று கவனியுங்கள். கடைசி விஷயத்தை நான் ரொம்பப் பார்ப்பேன். உங்களுக்குச் சாயங்கால டியூட்டி என்பதால் காலைக் களரி உள்ள இடமாகக் கேளுங்கள், நம் பக்கத்தில் ஐந்தரைக்கெல்லாம் தொடங்கிவிடுகிறவர்கள் உண்டு. மனுவை மட்டும் நாளைக் காலையிலேயே கொடுத்துவிடுங்கள், சேர்வதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.